பொம்மைக்கும் அட்டென்டன்ஸ் எடுத்த டீச்சர்

வகுப்பில் பொம்மையை ஒளித்துவைத்து விளையாடினால் உங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன தண்டனை என்று யாராவது கேட்டால், கற்பகவல்லி டீச்சர் வருவதற்கு முன்னாலா, வந்த பிறகா என்று நான் திருப்பிக் கேட்பேன். முன்னால் என்றால் பதில் சுலபம். தலைமையாசிரியர் உக்கிரபாண்டி சார் பொம்மையைப் பிடுங்குவார், வாசலுக்கு வருவார், ஓட்டுக் கூரைமேல் வீசுவார். மழைக்கு முன்னால் ஆள் ஏறிச் சருகு கூட்டும்போது பம்பரம், கோலிக்காய், கையொடிந்த பொம்மை, டயர் போன கார் என்று ஒரு கூடை நிறைய இறங்கும். சொந்தக்காரப் பிள்ளைகள் அதற்குள் ஹைஸ்கூலுக்குப் போயிருக்கும்.

டீச்சர் வந்த பிறகு என்றால் கதை பெரிது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் சோலையம்மாள். நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். சோறும் முட்டையும் என் பொறுப்பு, பாடம் என் பொறுப்பில்லை. ஆனால் என் சமையலறை ஐந்தாம் வகுப்புக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளை தும்மினால் எனக்குக் கேட்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

டீச்சர் மல்லாங்கிணறு பக்கமிருந்து மாறுதலில் வந்தார். ஒல்லியான ஆள், வேகமான நடை, பேச்சு மட்டும் நிதானம். படித்த குடும்பம் போல என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான் விஷயம் வந்தது. அவருடைய அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். டீச்சரும் படிக்கிற காலத்தில் வீட்டில் பட்டாசுக்குக் குழாய் சுற்றியிருக்கிறார். இங்கே அதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: காகிதத்தைப் பசை தடவிக் கம்பியில் சுற்றி உருவினால் அது குழாய். கம்பெனியில் அதற்குள் வெடிமருந்து செலுத்திப் பட்டாசாக்குவார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இன்றைக்கும் பெண்கள் சுற்றுகிறார்கள்.

அவர் வந்த முதல் நாளே ஊர்க்காவலன் மாட்டிக்கொண்டான். கடைசி வரிசையில் மேசைக்கு அடியில் ஒரு கறுப்பு ஆட்டோவை உருட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் அதை எடுத்ததும் வகுப்பு மொத்தமும் கூரையைப் பார்த்தது. நானும் கரண்டியோடு ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

டீச்சர் ஆட்டோவைத் தன் மேசைமேல் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். "நல்லா ஓடுதே. இதுக்குப் பேரு என்ன?"

"ஆட்டோ டீச்சர்."

"ஊர்ல இருக்கிற எல்லா ஆட்டோவுக்கும் அதான் பேரு. இதுக்கு என்ன பேரு?"

பையன் விழித்தான். பிறகு "கருப்பன்" என்றான்.

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பிள்ளைகள் பெயரெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, அதே குரலில், "கருப்பன்" என்றார். "கருப்பன் வந்திருக்கானா, இல்லையா?"

"உள்ளேன் டீச்சர்" என்று ஊர்க்காவலன் எழுந்து நின்றான். வகுப்பு வெடித்துச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஆட்டோவை ஜன்னல் விளிம்பில், முகம் கரும்பலகையைப் பார்க்கிற மாதிரி வைத்தார். "அங்கன இருந்து பாடத்தைக் கவனிக்கட்டும். நாலு மணிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

இந்த அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நான் அடுப்படியில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் மறுநாள் ஜன்னலில் கருப்பனுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை உட்கார்ந்திருந்தது. பெயர் ராணி. அதற்கு அடுத்த நாள் சோடா மூடியில் நூல் கோத்த சுழலி, பம்பரம், தீப்பெட்டியில் செய்த பஸ். காலையில் பிள்ளைகள் பெயர் முடிந்ததும் பொம்மைகள் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு "உள்ளேன் டீச்சர்". சட்டம் ஒன்றே ஒன்றுதான். வந்த பொம்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மேசைக்கு அடியில் வைத்து விளையாடி மாட்டினால், அந்தப் பொம்மையை ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைப்பார். அவ்வளவுதான் தண்டனை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "எம்பொம்மை மட்டும் பாடத்தைக் கவனிக்கலக்கா" என்று ஒரு பிள்ளை என்னிடம் வந்து அழுதிருக்கிறது. நான் என்ன சொல்ல? கூடுதலாக ஒரு முட்டை வைத்து அனுப்பினேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஜன்னலில் இடம் பிடிக்கச் சண்டை வரும். ஒருவன் தீப்பெட்டிக்குள் பொன்வண்டைக் கொண்டுவந்து அதற்கும் பெயர் வைத்தான்; அவன் "உள்ளேன்" சொல்லும்போதே அது பறந்துபோய், அந்தப் பக்கம் வந்த சாரின் சட்டைக்குள் நுழைந்தது. உக்கிரபாண்டி சார் ஆடிய ஆட்டத்தை நான் இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியாது. "இது பள்ளிக்கூடமா, பொருட்காட்சியா?" என்று அவர் கத்தினார். டீச்சர் பதிலுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைக் காட்டினார். எல்லாக் கையும் மேசைமேல் இருந்தது. சார் சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் ஆடி மாதம் வந்தது. கம்பெனிகளில் சீசன் சூடுபிடித்திருந்தது. அப்போதுதான் பிள்ளைகளுக்கு ஊர்ந்து போகிற குழாய்மேல் பைத்தியம் பிடித்தது.

விசை என்று ஒரு பாடம். டீச்சர் அச்சாபீஸில் கழித்துப்போட்ட காலண்டர் தாளைக் கொண்டுவந்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க ஒரு குழாய் சுற்றினார். அந்தக் கை ஓடிய வேகத்தில் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தங்கள் அம்மா கை ஓடுகிற மாதிரியே டீச்சர் கையும் ஓடும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. குழாய்க்குள் ஒரு ரப்பர் பேண்டை விட்டு, இந்தப் பக்கம் ஒரு துண்டு ஈர்க்குச்சி, அந்தப் பக்கம் மெழுகுவர்த்தியில் வெட்டிய வில்லை, அதன்மேல் நீளமான ஈர்க்குச்சி. குச்சியைச் சுற்றி முறுக்கேற்றித் தரையில் விட்டால் குழாய் தானாக ஊர்ந்து போனது. நானே அடுப்பை விட்டு ஓடிவந்து பார்த்தேன். என் அன்றைய சாம்பார் அடிப்பிடித்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு வாரத்துக்குள் ஐந்தாம் வகுப்பில் வண்டி இல்லாத பிள்ளை இல்லை. முருகன் படம் போட்ட வண்டி, திங்கள் செவ்வாய் போட்ட வண்டி, இருக்கன்குடி எக்ஸ்பிரஸ் என்று பெயர் எழுதிய வண்டி. என் விளக்குமாறு நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டு வந்தது. "ஏலே, இனி எவனாவது ஈர்க்குச்சிக்கு வந்தீகன்னா கையை ஒடிச்சு அடுப்புல வைப்பேன்" என்று கத்தினேன். மறுநாள் ஒரு புது விளக்குமாறு என் வாசலில் கிடந்தது. அதையும் அவர்களே மொட்டையடித்தார்கள்.

எல்லாவற்றிலும் வேகமான வண்டி சினேகாவுடையது. அதிகம் வாய் திறக்காத பிள்ளை அது. மெழுகு வில்லை தேய்ந்து போகிறது என்று சைக்கிள் கடையில் கிடந்த இரும்பு வாஷரை மாட்டிப் பார்த்திருக்கிறாள். வண்டி வழுக்கிக்கொண்டு பறந்தது. பெயர் புல்லட். அதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் வாஷருக்கு மாறினார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் தாழ்வாரத்தில் பந்தயம் என்று டீச்சர் அறிவித்தார். வகுப்பில் அதற்குப் பிறகு தூங்குகிறவன், பராக்குப் பார்க்கிறவன் ஒருவனும் இல்லை. பாடம் முடித்தால்தானே பந்தயம்.

புதன்கிழமை காலையில் சினேகாவின் அம்மா பானுப்பிரியா வந்தாள். கம்பெனிக்குப் போகிற அவசரம், தூக்குவாளி கையில். வந்த வேகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது, இது சண்டை.

"டீச்சர், எம்மவ விரல் இடுக்குல பசை இருக்கு. கேட்டா, டீச்சர்தான் குழாய் சுத்தக் குடுத்தாகன்னு சொல்றா. நெசமா?"

"விளையாட்டு வண்டிக்குத்தாம்மா. பட்டாசுக்கு இல்ல."

"எதுக்கா இருந்தா என்ன? நான் சின்னப் பிள்ளையில இருந்து சுத்துனவ. நோட்டுப் புத்தகம் பிடிக்க வேண்டிய விரல் இது." பானுப்பிரியா தன் கையை விரித்துக் காட்டினாள். "எம்மவ அதைத் தொடக் கூடாதுன்னுட்டு, வீட்ல குழாய் சாக்கைக்கூட நகத்த விடுறதில்ல. இங்கன அனுப்புனா நீங்க உக்கார வச்சுப் பழக்குறீக."

டீச்சர் முகம் சின்னதாகிவிட்டது. "நானும் சுத்துனவதாம்மா" என்றார்.

"அப்ப உங்களுக்குச் சொல்லாமலே தெரிஞ்சிருக்கணும்ல."

எனக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் பானுப்பிரியா சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்ல? வெள்ளிக்கிழமை பந்தயத்தோடு குழாய் சுற்றுவதை நிறுத்திவிடுகிறேன் என்று டீச்சர் சொன்னார். "உங்க பந்தயத்துல எம்மவ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்று முழுக்க சினேகா மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தாள். டீச்சரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் எல்லா வண்டிகளையும் ஒரு வெள்ளைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார், ரப்பர் பேண்டெல்லாம் சரிபார்த்து வைக்க. புல்லட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். அதை மட்டும் ஜன்னலில் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

இனிமேல் நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் தெருவைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். தெரு குறுகல், லோடு ஆட்டோ உள்ளே வராது. அதனால் வீட்டில் சுற்றிய குழாய்களைப் பெண்கள் சாக்கில் கட்டிப் பள்ளிக்கூடத்து கேட் ஓரமாக வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். கம்பெனி லோடு ஆட்டோ ஓட்டுகிற முனியராஜ் வந்து, கேட் ஓரத்தில் கிடக்கிற சாக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவான். யார் சாக்கு, எத்தனை சாக்கு என்று கேட்கிற வழக்கமே இல்லை. அங்கே கிடந்தால் அது லோடு.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் வெள்ளைச் சாக்கோடு பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். கேட்டைத் தாண்டும்போது ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் சுற்றுச்சுவரிலிருந்து விழுந்து முழங்கை கிழிந்து கத்தினான். டீச்சர் சாக்கை அப்படியே கேட் ஓரமாக வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார். நான் மஞ்சள்தூளைக் கொண்டு ஓடினேன். ரத்தம் கழுவி, கட்டுப் போட்டு, அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் மணி அடித்துவிட்டது.

டீச்சர் வகுப்புக்குப் போய்ப் பெயர் கூப்பிட்டார். பிள்ளைகள் முடிந்து வண்டிகளுக்கு வந்து, "கருப்பன்" என்றார். பொம்மைக்கு வைத்த பெயரையே பல பிள்ளைகள் குழாய் வண்டிக்கும் வைத்திருந்தார்கள், ஊர்க்காவலனும் அப்படித்தான். "உள்ளேன்" என்று எழுந்தவன், "எங்க டீச்சர் வண்டி?" என்று கேட்டான்.

டீச்சர் கேட்டுக்கு ஓடியதை நான் பார்த்தேன். பின்னாலேயே போனேன். கேட் ஓரம் துடைத்துவிட்டது போல இருந்தது. புழுதியில் ஆட்டோ டயர்த் தடம்.

"முனியராஜு இப்பத்தான் ஏத்திக்கிட்டுப் போனான்" என்றேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பந்தயம் போச்சே, பிள்ளைகள் அழுமே என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் என் கையைப் பிடித்தார். "அக்கா, அதுல வாஷர் இருக்கு. எல்லா வண்டியிலயும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மருந்து செலுத்துகிற அறைக்குப் போகிற பெண்கள் கொலுசைக் கழற்றுவார்கள், ஹேர்பின்னைக் கழற்றுவார்கள், சேலையில் குத்திய ஊக்கைக்கூட கேட்டிலேயே கொடுத்துவிடுவார்கள். இரும்பு உரசினால் ஒரு பொறி போதும். வண்டியிலிருந்து ஒரு வாஷர் கழன்று ஏதாவது குழாய்க்குள் விழுந்து, அது மருந்துக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் நினைக்கவே பயந்தேன்.

பின்னால் சினேகா வந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "டீச்சர், எங்கம்மா இன்னைக்கு செலுத்துற அறையில" என்றாள். அந்தப் பிள்ளை அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

முனியராஜுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கம்பெனி ஆபீஸ் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. உக்கிரபாண்டி சார் அறையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன். ரெண்டு பேரும் மொதல்ல கெளம்புங்க" என்றார்.

என் எக்ஸெல் மொபெட் அரிசி மூட்டைக்குப் பழகியது, அவசரத்துக்குப் பழகியதில்லை. டீச்சரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முறுக்கினேன். சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டேன். கம்மாய்க் கரை வளைவில் ஒரு ஆட்டு மந்தை. ஹாரன் அடித்தால் ஆடு ஒதுங்குமா? நான் அடித்ததைவிடக் கத்தியது அதிகம். அதைத் தாண்டினால் குறுகலான பாதையில் தண்ணீர் லாரி எதிரே. வேலியோரம் முள்ளுக்குள் விட்டு ஏற்றினேன். முழங்காலில் முள் கிழித்தது, வலித்ததா என்று ஞாபகம் இல்லை. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா வேகமா, அக்கா வேகமா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் காது தூரத்துச் சத்தத்துக்காகவே விறைத்திருந்தது. அப்படி ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு வழியெல்லாம் நேர்ந்துகொண்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். டீச்சர் போனைக் கொடுத்தார், தலையிலிருந்து ஹேர்பின்களை உருவிக் கொடுத்தார், தோளிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அவருக்கு அந்த வாசல் பழக்கம் என்று அப்போது தெரிந்தது. நானும் கழற்றினேன். "போர்மேன் சொல்லாம உள்ள விட முடியாதும்மா" என்றார் வாட்ச்மேன்.

"குழாய்க்குள்ள இரும்பு போயிருக்கு" என்றார் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தை போதும். வாட்ச்மேன் விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். போர்மேன் அய்யாதுரை எங்கிருந்தோ வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் வெளியே வருவது தெரிந்தது.

முனியராஜ் சாக்குகளை ஒரு தார்ப்பாயில் மொத்தமாகக் கொட்டியிருந்தான். பழுப்புக் குழாய் மலைக்கு நடுவே காலண்டர் வண்ணங்கள் எட்டிப்பார்த்தன. "ஏலே, கண்ணு தெரியல உனக்கு?" என்று நான் பாய்ந்தேன்.

"கலர் குழாய்க்கு புது ஆர்டர் போலன்னு நெனச்சேன் அத்தை" என்றான் அவன், அழாத குறையாக.

டீச்சர் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வண்டியாக எடுத்து, வாஷர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பெயரைச் சொல்லி எனக்குக் கொடுத்தார். "கருப்பன். ராணி. இருக்கன்குடி எக்ஸ்பிரஸ். எறும்பு." அவரிடம் சீட்டு எதுவும் இல்லை. தினமும் கூப்பிட்ட பெயர்கள்தானே, வாயில் வரிசையாக நின்றன. போர்மேன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மடி நிறைந்தது. கடைசியில் டீச்சர் கை வெறும் பழுப்புக் குழாய்களை மட்டும் துழாவியது.

"புல்லட் இல்ல" என்றார்.

முனியராஜ் தலையைச் சொறிந்தான். "ஒரு கூடை உள்ள போயிருச்சே."

"எங்க?"

"மருந்து செலுத்துறதுக்குக் குழாயைக் கட்டா வளையத்துல அடுக்குற எடத்துக்கு. செலுத்துற அறைக்குப் பக்கத்துல."

டீச்சர் எழுந்து ஓடினார். போர்மேன் "அங்கன போகக் கூடாது டீச்சர், நில்லுங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நான் வண்டிகளை மடியில் அள்ளிக்கொண்டு எங்கே ஓடுவது? அப்படியே முனியராஜ் கையில் கொட்டிவிட்டு ஓடினேன்.

ஷெட்டுகளுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டமாகக் கூடி நின்றார்கள். எல்லோரும் குனிந்து நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியில் பெண்கள் அப்படிக் கூடி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். டீச்சர் கால் தடுக்கி நின்றுவிட்டார். சினேகாவிடம் போய் என்ன சொல்வேன் என்பதுதான் எனக்கு முதலில் மனசில் வந்தது.

அப்போது வட்டத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். பானுப்பிரியா குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் சிமெண்ட் தரையில் முருகன் படத்தோடு புல்லட் உருண்டு உருண்டு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பெண்கள் அது போகிற பக்கமெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். வளையம் எடுக்க வந்த பானுப்பிரியா கூடையில் கலர் குழாயைப் பார்த்து எடுத்திருக்கிறாள். வாஷரைப் பார்த்ததும் கூடையை அப்படியே விட்டுவிட்டு, எல்லோரையும் வெளியே கூப்பிட்டு, மரத்தடிவரை கொண்டுபோய்த் தரையில் வைத்திருக்கிறாள். டீச்சர் ஏற்கெனவே முறுக்கேற்றிப் பார்த்துவைத்த வண்டி. குச்சி விடுபட்டதும் அது தானாக நகர ஆரம்பித்துவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் ஒரு குழாய் தானாக நகர்ந்தால் எப்படி இருக்கும்? ஆளுக்கு ஒரு திசையில் ஓடியிருக்கிறார்கள். ஒருத்தி தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே குதித்துவிட்டாள், சேலை சொட்டச் சொட்ட அங்கேதான் நின்றாள். வண்டி முறுக்கு முடிந்து நின்றதும் மெதுவாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். பானுப்பிரியா மறுபடி முறுக்கி விட்டிருக்கிறாள். நாங்கள் பார்த்தது எத்தனையாவது ஓட்டமோ.

டீச்சர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே திட்டினார். "இரும்பு இருக்கிறது தெரிஞ்சும் வச்சு விளையாடிக்கிட்டு இருக்கீகளே. உசுரு போயிருச்சு எனக்கு."

"அறைக்குள்ள இல்லையே டீச்சர், மரத்தடியிலதான" என்றாள் பானுப்பிரியா. சிரித்த முகம் இன்னும் மாறவில்லை.

"தப்பு எம்மேலதான். சாக்கை அங்கன வச்சது நான். இனிமே குழாயும் கெடையாது, பந்தயமும் கெடையாது. நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான்."

பானுப்பிரியா எட்டிப் புல்லட்டை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம்மவ செஞ்சதா?"

"ஆமாம்மா. இருக்கிறதுலயே வேகமான வண்டி. இந்த வாஷர் யோசனையும் அவளுதுதான்."

"எம்புட்டுக் குழாய் சுத்தியிருப்பேன் டீச்சர். எல்லாம் சாக்குல ஏறிப் போயிரும். ஒண்ணுகூட எங்கிட்ட நின்னு ஓடுனதில்ல." அவள் குச்சியை முறுக்க ஆரம்பித்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "பந்தயம் எத்தனை மணிக்கு?"

அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அய்யாதுரை போர்மேன் கத்தியதை எழுத முடியாது. அவர் கத்தியதில் நியாயம் இருந்தது, டீச்சர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். வந்த குழாய் மொத்தத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் ஒரு வேலையும் நடக்காது என்று சொல்லி, மத்தியானத்தோடு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. தூக்குவாளியும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். டீச்சர் கேட்டிலேயே நின்று, வந்த ஒவ்வொருத்தியிடமும் தன்னால் என்ன ஆகவிருந்தது என்பதைத் தானே சொன்னார். எனக்குக்கூட அவ்வளவு தைரியம் வராது. வகுப்பிலிருந்து கேட்டுக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்ட சினேகாவை விலக்க ஆளில்லை.

வாஷர் எல்லாவற்றையும் கழற்றி சைக்கிள் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. பந்தயத்துக்கு மெழுகு வில்லை மட்டும்தான் என்று சட்டம். சார் தன் மேசையிலிருந்த மெழுகுவர்த்தியை அவரே பிளேடால் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வண்டிகளை விட்டார்கள். ஒரே கூச்சல். ஓடுகளெல்லாம் பெயர்ந்து விழுந்துவிடுமோ என்று பயந்தேன். மெழுகு மாட்டிய புல்லட் ஜெயிக்கவில்லை. எறும்புதான் ஜெயித்தது, யாரும் எதிர்பார்க்காத வண்டி. சினேகாவுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. பந்தயம் முடிந்ததும் பானுப்பிரியா புல்லட்டைக் கையில் எடுத்தவள்தான், தாழ்வாரத்து ஓரத்தில் குத்தவைத்து முறுக்குவதும் விடுவதுமாக இருந்தாள். மற்ற அம்மாக்களும் தங்கள் பிள்ளைகளின் வண்டிகளை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசி மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சினேகா அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் வந்தாள். "டீச்சர், எங்கம்மா வண்டியைத் தரமாட்டேங்குது. நீங்க வாங்கிக் குடுங்க."

காலையிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு டீச்சர் சிரித்தார். "நானே அடுத்து எனக்குக் குடுங்கன்னு கேட்டு வச்சிருக்கேன். எனக்குப் பின்னாடி வரிசையில நில்லு."

சினேகா போய் அவருக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன்.